ஊசியக்கா யார் பக்கம்?

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் அவள் அக்காதான். அம்மா அவளை அக்கா என்று கூப்பிட்டாள். அதைக் கேட்டு வளர்ந்த அண்ணனும் நானும் அக்கா என்றோம். கல்லூரிக்குப் போகிற என் மகளும் இன்று அக்கா என்கிறாள். தாய்க்கும் மகனுக்கும் பேத்திக்கும் ஒருத்தியே எப்படி அக்காவாக இருக்க முடியும் என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொண்டதில்லை. எழுபத்தொன்பது வயதிலும் தோளோரம் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும் என்பதால் தெருவில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். அதற்கு மேல் அவளைப் பற்றி யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

முன்னறையில் ஜன்னலை ஒட்டி அவளுடைய தையல் மெஷின். தெருவில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை அதில்தான் தைக்கப்பட்டது. வளருகிற பிள்ளைகள் என்று கால்சட்டை விளிம்பில் மூன்று விரல் துணியை உள்ளே மடித்து வைத்துத் தைப்பாள். வருஷா வருஷம் கொஞ்சம் பிரித்துவிடுவாள். பிரித்த இடம் பளிச்சென்று கோடாகத் தெரிகிறது, பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று ஆறாம் வகுப்பில் நான் அழுதபோது, "தெரியட்டும். நீ வளந்துட்டேன்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றாள். அப்பா கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது மணிக்கொரு தரம் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தவள் அவள். அம்மாவும் அவளும் குழாயைச் சரியாக மூடாதது யார் என்று ஐம்பது வருஷம் விடாமல் சண்டை போட்டார்கள். அம்மா போன மறுநாள் அக்கா குழாயடியில் நின்று, சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இனிமே யார் மேல பழி போடுறது" என்றாள். 

இப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய், நீ யார் என்று கேட்டவன் நான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அண்ணன் உத்தரவு போடுவதற்கென்றே பிறந்தவன். ஆபீசில் முப்பது பேரை மேய்த்துப் பழகியவனுக்கு வீட்டிலும் ஓர் ஆள் தேவை. அதற்கு நான் இருக்கிறேன். அப்பா பக்கத்துச் சொந்தம், அம்மா பக்கத்துச் சொந்தம் எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே மண்டபத்தில் கூட்டுவது என்று அவனாகவே முடிவு செய்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"செவுத்துல மாட்டுற மாதிரி ஆறடிக்கு ஒரு வம்சப் படம் வேணும். யாருக்கு யார் என்ன உறவு, கோடு போட்டுக் காட்டணும். நீதான வயரிங் படமெல்லாம் போடுறவன். இதுவும் அந்த மாதிரிதான்."

நான் எலெக்ட்ரீஷியன். பழைய வீடுகளில் எந்தக் கம்பி எங்கிருந்து கிளம்பி எந்தச் சுவருக்குள் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. சுவரை உடைக்காமல் கண்டுபிடிப்பவன் கெட்டிக்காரன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பாதி நேரம் உடைத்துவிடுவேன்.

வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். பத்தே நாளில் பைத்தியம் பிடித்துவிட்டது. அப்பாவின் தாத்தா ஒரு வீட்டில் மூத்த பெண்ணைக் கல்யாணம் செய்து, அவள் பிரசவத்தில் போனதும் தங்கையைச் செய்துகொண்டார். மூத்தவளின் பிள்ளைகளில் சிலர் அவளைச் சித்தி என்றார்கள், சிலர் அம்மா என்றார்கள். அடுத்த தலைமுறைக்கு வருவதற்குள் ஒரே பாட்டி இரண்டு பாட்டியாகி, இல்லாத ஒருத்திக்கு ஒரு போட்டோவும் கிடைத்திருந்தது. அம்மா பக்கத்தில் ஒரு சின்னத் தாத்தா ஒன்பது வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததாகப் பள்ளிப் பதிவேடு சொன்னது. மக்குப் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்தேன். தோண்டிப் பார்த்தால், அவருக்கு மூன்று வருஷம் முன்னால் பிறந்து நாலே மாதத்தில் போய்விட்ட அண்ணனின் பெயரையே அவருக்கும் வைத்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழையும் அதையே கொடுத்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். மனிதர் ஆயுள் முழுக்க அண்ணன் வயதில் வாழ்ந்து, மூன்று வருஷம் முன்னதாகவே ஓய்வும் பெற்றிருக்கிறார். அந்த நாலு மாதக் குழந்தைக்கும் ஒரு கட்டம் போட்டுக் கோடு இழுத்தேன்.

மொத்தம் நூற்று நாற்பத்தொரு பேர். எல்லாருக்கும் கட்டம், எல்லாருக்கும் கோடு. அக்காவுக்கு மட்டும் கட்டம் இருந்தது, கோடு இல்லை.

அவள் மெஷினில் உட்கார்ந்து சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, நீ யார் பக்கம்?"

"எதுல?"

"அப்பா பக்கத்துச் சொந்தமா, அம்மா பக்கத்துச் சொந்தமா? எந்தக் கோட்டுல உன்னை இழுக்குறதுன்னு தெரியல."

மெஷின் நின்றது. "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். அடுப்பில் பாலும் இல்லை, பாத்திரமும் இல்லை. துடைத்த அடுப்பை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

அன்று இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், "ஞாயித்துக்கிழம மண்டபத்துக்கு நான் வரல. எல்லாரும் போயிட்டா வீட்டுக்கு ஆள் வேணாமா" என்றாள். என் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க கேட்டதுலேர்ந்து அவங்க முகமே சரியில்ல. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுடுங்களேன்" என்றாள். விடுகிற ஆளா நான்?

முதலில் பெரியப்பாவிடம் போனேன். அப்பாவின் அண்ணன், எண்பத்தாறு வயது, ரயில் பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர். எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்று சீட்டு ஒட்டி ஒட்டி, மனிதர்களுக்கும் சீட்டு ஒட்டுகிற பழக்கம் வந்துவிட்டது.

"இதுல என்னடா சந்தேகம்? உங்கம்மா பக்கம்தான். கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு கூடவே கார்ல வந்து எறங்கினா. பொண்ணுக்குத் துணைக்கு அனுப்பியிருக்காங்கன்னு நாங்க புரிஞ்சுக்கிட்டோம். மூக்கைப் பாரு, அப்படியே உங்க மாமா மூக்கு."

அங்கிருந்து மாமா. அம்மாவின் தம்பி, மருந்துக் கடைக்காரர். மாத்திரை எண்ணுகிற தட்டைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"உங்கப்பா பக்கம்டா. உங்கம்மா மண்டபத்து அறையிலேர்ந்து வெளிய வந்தப்பவே பக்கத்துல நின்னுட்டிருந்தா. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து பொண்ணைப் பாத்துக்க ஆள் விட்டிருக்காங்கன்னு எங்களுக்கு அவ்வளவு நிம்மதி. அந்தப் பிடிவாதத்தைப் பாத்தாலே தெரியாது? எங்க வீட்டுல யாருக்கும் அது கெடையாது."

மாமாவின் பிடிவாதத்துக்குப் பயந்து அவர் கடையில் வேலைக்கு ஆள் நிற்பதில்லை என்பது வேறு கதை.

ஒருத்தர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். பொய் சொல்கிறார் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது. என் புத்தி போன இடங்களை இப்போது சொல்லக் கூசுகிறது. அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் வேறு யாராவது இருந்தார்களா என்று மாமாவிடம் இழுத்தேன். "உங்கப்பன் உசிரோட இருந்தா இப்பவே உன்னை வந்து அறைவான்" என்றார். அண்ணனுக்குப் போன் செய்தால், "ஏதாவது ஒரு ஓரத்துல போட்டு முடிடா, பிரிண்ட்டுக்கு நேரமாச்சு" என்றான். அக்காவை ஓரத்தில் போடுவதா என்று அவனிடம் கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

பிறகு ஆல்பங்களை இறக்கினேன். மொத்தம் பதினொன்று. பிறந்த நாள், பள்ளி விழா, அண்ணன் கல்யாணம், என் கல்யாணம், புது வீடு, கடற்கரை. ஒரு மாலை முழுக்கப் புரட்டினேன். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அக்கா ஒரே ஒரு படத்தில்தான் இருந்தாள். அது அப்பா அம்மாவின் கல்யாணப் படம். நடுவில் அப்பாவும் அம்மாவும். வலப்புறம் அப்பா வீட்டார், இடப்புறம் அம்மா வீட்டார். அம்மாவுக்கு நேர் பின்னால், எந்தப் புறமும் சேராமல், இருபத்தொரு வயது அக்கா. அவளுடைய வலது கை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. அணைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். மற்ற எல்லாப் படத்திலும் அவள் எங்கே இருந்தாள் என்று யோசித்தபோது ஞாபகம் வந்தது. யாருடைய குழந்தையையாவது வாங்கிக்கொண்டு, போட்டோ எடுப்பவருக்குப் பின்னால் நின்று, எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு கிழவர்களையும் நேருக்கு நேர் உட்கார வைத்தால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று தோன்றியது. மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். இரண்டு பேரும் சம்பந்திகளுக்கே உரிய மரியாதையோடு உட்கார்ந்தார்கள். நாற்காலியில் சாயக்கூட இல்லை.

பெரியப்பாதான் ஆரம்பித்தார். "இத்தனை வருஷத்துல நான் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்ல. உங்க வீட்டுப் பொண்ணு எங்க தம்பியைக் கடைசிக் காலத்துல பாத்துக்கிட்ட மாதிரி நாங்களே பாத்திருக்க மாட்டோம்."

மாமா பதறிப்போனார். "என்ன நீங்க, அதை நாங்கல்ல சொல்லணும். உங்க வீட்டுப் பொண்ணு இல்லன்னா கூடப் பொறந்த எங்க அக்கா அத்தனை வருஷம் தாக்குப் பிடிச்சிருப்பாளா?"

"எங்க வீட்டுப் பொண்ணா?"

"உங்க வீட்டுப் பொண்ணுதான?"

 பெரியப்பா மாமாவின் மூக்கைப் பார்த்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க ஆளாச்சேன்னு, அவ போட்ட காப்பில சக்கரை இல்லன்னு கூட ஒரு தடவ நான் சொன்னதில்ல" என்றார் பெரியப்பா.

"நாங்க மட்டும்? யாரு என்னன்னு கேட்டா மாப்பிள்ளை வீட்டுல தப்பா எடுத்துப்பாங்களோன்னு வாயே திறக்கலையே."

விஷயம் அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லவில்லை. இந்தப் பக்கம் கேட்டால் அந்தப் பக்கம் கோபித்துக்கொள்ளும் என்று இரண்டு குடும்பமும் ஐம்பத்தெட்டு வருஷம் பவ்யமாக இருந்திருக்கிறது. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அப்போதுதான் மாமா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அவ யாரு?"

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியில் ஒரு குளிர் இருந்தது. பூட்டின வீட்டுக்குள் யாரோ இருப்பதைக் கண்டவர் மாதிரி கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் நான் செய்ததை நினைத்தால் இன்றும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பெரிய துப்பு துலக்கிவிட்ட மிதப்பு எனக்கு. மனைவியும் மகளும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் முன்னாலேயே சிரித்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, குட்டு வெளிப்பட்டுடுச்சு. நீ எந்தப் பக்கமும் இல்லையாமே?"

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய அறைக்குள் போனாள். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக உறைத்தது. அப்பா பக்கத்து ஆட்கள் மட்டும் வந்தால் அக்கா கூடத்தில் உட்கார்ந்து பேசுவாள். அம்மா பக்கத்து ஆட்கள் மட்டும் வந்தாலும் பேசுவாள். இரண்டு பக்கமும் சேர்ந்து வந்த நாளில் ஒரு தடவைகூட அவளைக் கூடத்தில் பார்த்ததில்லை. சமையலறையில் இருப்பாள், கடைக்குப் போயிருப்பாள், தலைவலி என்று படுத்திருப்பாள். தனித்தனியாக இருக்கும்வரைதான் அவளுக்குப் பாதுகாப்பு. அப்படிப்பட்டவளை, இரண்டு பக்கத்தையும் ஒரே மண்டபத்தில் கூட்டி, ஆறடிப் படத்தை மாட்டி, அதில் கோடில்லாத ஒரு கட்டத்துக்குள் நிற்க வைக்கப் பார்த்திருக்கிறோம் அண்ணனும் நானும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் மேல் ஒரு பை. பக்கத்தில் மடித்து வைத்த நாலு புடவை, மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு சின்னக் கத்தரிக்கோல். அவள் தலையணை உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்புற?"

"வயசானவங்க இல்லம் ஒன்னு இருக்கு, நூலகத்துக்குப் பின்னாடி. போன வாரமே போய்ப் பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு. ஜன்னல் இருக்கு." தலையணை உறையை நான்காக மடித்தாள். "நாலு பேர் கேக்கறதுக்கு முன்னாடி நானே போயிட்டா எல்லாருக்கும் மரியாதை."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தொரு வயது ஆண்பிள்ளை, மூக்கு ஒழுக அழுதேன். அவள் கையிலிருந்த தலையணை உறையை என்னிடம் நீட்டினாள். அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, கேளு" என்று கட்டிலில் உட்கார்ந்தாள். "நேத்து நீ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போறேன். நான் தையக்கடைப் பொண்ணு."

பதினொரு வயதில் அம்மா இறந்ததும் அவள் ஒரு தையல்காரரிடம் வேலைக்கு வந்தாளாம். துணி வெட்டுகிற மேஜைக்கு அடியில் படுக்கை. பத்து வருஷம் அங்கேதான். கல்யாணத்தன்று காலையில் மணப்பெண்ணின் ரவிக்கையை மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"முதுகுல கொக்கி வச்ச ரவிக்கை. அப்ப அதுதான் நாகரிகம். முதலாளி அளவைத் தப்பா வெட்டிட்டார். மாட்டிப் பாத்தா கொக்கி நாலும் தெறிச்சுப் போச்சு. அறையில நாங்க ரெண்டு பேர்தான். வெளிய எல்லாரும் பொண்ணைக் கூப்பிடுறாங்க. உங்கம்மாவுக்குக் கை காலெல்லாம் நடுங்குது. நான் பின்னாடி நின்னு ரெண்டு ஓரத்தையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டேன். மேல முந்தானையைப் போட்டு மூடியாச்சு. அப்படியே நடத்திக் கூட்டிட்டுப் போனேன். கையை எடுத்தா தோள் நழுவிடும். கல்யாணம் முடியற வரைக்கும் பிடிச்சிருந்தேன். போட்டோவுக்கும் பிடிச்சிருந்தேன். அப்புறம் கார்ல ஏறச் சொன்னாங்க. எப்படி விடுறது? நானும் ஏறிட்டேன்."

நான் அந்தப் படத்தை நினைத்துக்கொண்டேன். அணைத்த கை இல்லை. ரவிக்கையைப் பிடித்திருந்த கை.

"உங்க வீட்டுல வந்து எறங்கினதும் உள்ளறையில வச்சு கொக்கியைத் தச்சுக் குடுத்தேன். திரும்பிப் போற பஸ் போயிடுச்சு. உங்கம்மா, 'நாளைக்குப் போலாம்க்கா'ன்னா. மறுநாளும் அதையேதான் சொன்னா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"மூணாம் நாளே உங்கம்மா சொல்லிட்டா. 'சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரியுமா'ன்னு கேட்டார். தெரியும்னேன். அதோட முடிஞ்சுது. ரெண்டு வாரம் கழிச்சு முதலாளியைப் போய்ப் பாத்து, இனிமே வரலன்னு சொன்னேன். 'கத்தரிக்கோலை வச்சுட்டுப் போ'ன்னார்."

இதில் பையைக் கட்டுகிற அளவுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஐம்பத்தெட்டு வருஷம் பயந்து சமையலறையில் ஒளிகிற அளவுக்கு என்ன குற்றம்?

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, என்னிடம் இல்லாத மாதிரி சொன்னாள்.

"என்கிட்ட ஊக்கு இருந்துச்சு."

"என்ன?"

"ஊக்கு. தையக்கடைப் பொண்ணு ஊக்கு இல்லாம வெளிய போவாளா? இடுப்புல சுருக்குப் பை. அதுல ஆறு ஊக்கு. நாலு ஊக்கை எடுத்துக் குத்திட்டு நான் பாட்டுக்குப் போயிருக்கலாம். குத்தல. நான் பிடிச்சதும் அந்தப் பொண்ணு நடுக்கம் நின்னு, முதுகை என் கை மேல சாச்சுக்கிட்டா. அதுவரைக்கும் என் மேல யாரும் சாஞ்சதில்ல. கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம்." புடவை ஓரத்தால் கண்ணை அழுத்திக்கொண்டாள். "ஏமாத்தித்தான் உங்க வீட்டுக்குள்ள வந்தேன். உங்கம்மாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லல. எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்துச்சு. அவ முகத்தைப் பாத்துட்டு முழுங்கிட்டேன்."

சுவருக்குள் ஓடுகிற கம்பியைத் தேடித் தேடி எனக்கு ஒரு குணம் வந்துவிட்டது. சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். மறு முனை எங்கே என்று பார்ப்பேன். அன்றைக்கு அந்தக் குணம் எனக்குக் கைகொடுத்தது.

"அக்கா, அன்னிக்கு மண்டபத்துல எத்தனை பொம்பளைங்க இருந்திருப்பாங்க?"

"என்ன கேள்வி இது. நூறு, நூத்தம்பது இருக்கும்."

"எல்லாரும் புடவைதான?"

"பின்ன?"

"ஆளுக்கு ரெண்டு ஊக்காவது குத்தியிருப்பாங்களா மாட்டாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"உன்கிட்ட ஊக்கு இருந்தது அம்மாவுக்குத் தெரியாம இருக்கலாம். ஆனா சொந்த அம்மா, அத்தை, சித்தி எல்லாரும் கைக்கெட்டுற தூரத்துல நின்னிருக்காங்க. அம்மா திரும்பி ஒரு வார்த்தை, ஒரு ஊக்கு குடுங்கன்னு கேட்டிருந்தா கூடை நெறயக் கெடச்சிருக்கும். காலையிலேர்ந்து கார்ல ஏறி எறங்குற வரைக்கும் அவ ஏன் யார்கிட்டயும் கேக்கல?"

  ஐம்பத்தெட்டு வருஷம் ஆறு ஊக்கைச் சுமந்துகொண்டு திரிந்தவள், மண்டபத்திலிருந்த மற்ற ஊக்குகளை ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவே இல்லை. வலது உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். 

"கள்ளி" என்றாள். அம்மாவைத்தான் சொன்னாள். "கள்ளி, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டா பாரு."

பிறகு அவள் அழுத அழுகை, அம்மா போன அன்றுகூட அழாத அழுகை. என் மனைவி ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பையையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் போய் வம்சப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, அறைத் தரை முழுக்க விரித்தேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அத்தனை கோடுகளுக்கு நடுவே அவளுடைய கட்டம் தனியாக இருந்தது.

"என்னை எங்க இழுக்கப் போற? அப்பா பக்கமா, அம்மா பக்கமா?"

அந்தக் கேள்வியை நான்தான் ஆரம்பித்தேன். ஆனால் அவள் வாயால் கேட்டபோதுதான் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு மாதம் நூற்று நாற்பத்தொரு பேருக்கு அம்மா யார், அப்பா யார் என்று தேடி அலைந்தவன் நான். நாலு மாதம் மட்டும் இருந்த குழந்தைக்கும் அம்மாவைக் கண்டுபிடித்தேன். எனக்குச் சோறு போட்டவளிடம், அவளுக்கு அம்மா யார் என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே தோன்றவில்லை.

பென்சிலை எடுத்து, அவளுடைய கட்டத்துக்கு மேலே புதிதாக ஒரு கட்டம் போட்டு, இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தேன்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். உங்கம்மா பேரு என்னக்கா?"

அவள் உதட்டைக் குவித்தாள், நிறுத்தினாள், மறுபடி முயன்றாள். அந்தப் பெயரை அவள் கடைசியாகச் சொல்லி அறுபத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, தான் சரியாகத்தான் சொன்னோமா என்று தனக்குள்ளேயே இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"ஒரு தம்பி இருந்தான்" என்றாள். "ரெண்டு வயசுல போயிட்டான். அவனையும் போடலாமா?"

"போடலாம்."

அவனுக்கும் ஒரு கட்டம் போட்டேன். எழுத ஆரம்பித்தபோது அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டிலிலிருந்து இறங்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா பேரைக் கொஞ்சம் பெருசா எழுது" என்றாள். "மண்டபத்துல தூர நின்னு பாத்தாலும் எனக்குத் தெரியணும்."